வளவன் சாயும் பக்கம்

நேராகப் போடா, நேராகப் போ என்று உதட்டுக்குள்ளேயே சொல்லிக்கொண்டு வருகிறேன், வளவனும் கழுத்தை ஒரு ஆட்டு ஆட்டி ஆகட்டும் என்கிற மாதிரிதான் போகிறான், ஆனால் பத்துத் தப்படி தாண்டுவதற்குள் இடப்பக்கம் ஒதுங்கிவிடுகிறான், வலது கடிவாள வாரை இழுத்து நேராக்குகிறேன், மறுபடி ஒதுங்குகிறான். கலங்கரை விளக்கத்திலிருந்து புறப்பட்டுக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் வலது தோள்பட்டை கடுக்கிறது. வலப்பக்கம் கடல், சூரியன் தண்ணீரை விட்டு ஒரு முழம் மேலே. இடப்பக்கம் மெரினா மணல், தார்ப்பாய் போர்த்திக் கட்டிய கடைகள், கையை வீசி வீசி நடக்கிற ஆட்கள், பலூன் சுடுகிற பலகையின் மேல் வரிசையாகக் காக்கைகள். இருபத்து நாலு வருஷமாக இதே ரோந்துதான். தலைமைக் காவலர் தணிகாசலம் என்றால் இங்கே யாருக்கும் தெரியாது, குதிரைக்கார ஏட்டையா என்றால் சுண்டல் விற்கிறவர்களுக்கெல்லாம் தெரியும். இன்றைக்கு வெள்ளி. திங்கட்கிழமை கமிட்டி. கால்நடை டாக்டர், இன்ஸ்பெக்டர், மேலே இருந்து ஒரு அதிகாரி, மூன்று பேரும் உட்கார்ந்து வளவனைப் படையில் வைத்துக்கொள்வதா கழித்துவிடுவதா என்று முடிவு செய்வார்கள். பதினொரு வயது, நல்ல வயது, செம்பழுப்பு நிறம், நெற்றியில் ஒரு வெள்ளைக் கீற்று, கால் நாலும் சுத்தம், பல் சுத்தம், டாக்டர் தடவாத இடம் இல்லை, இடது கண்ணுக்குள் விளக்கு அடித்துக்கூடப் பார்த்துவிட்டார், ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்றால் குணம்தான் கெட்டுவிட்டது என்று எழுதுவார்கள். அதை எழுதச் சொல்லி முதல் மனுவைக் கொடுத்தவனே நான்தான். குதிரை மூன்று மாதமாக இடப்பக்கம் இழுக்கிறது, சொல் பேச்சுக் கேட்பதில்லை, இப்படிக்குத் தணிகாசலம்.

கழித்துவிட்டால் எங்கே போவான். சாம்சன் என்று ஒரு வெள்ளைக் குதிரை இருந்தது, எனக்கு முன்னால் இருந்த ஏட்டு ஓட்டியது, கழித்துவிட்ட நாலு வருஷத்துக்குப் பிறகு அதைப் பூந்தமல்லியில் பார்த்தேன், ஒரு கல்யாண ஊர்வலத்தில், உடம்பெல்லாம் சீரியல் பல்பு, முன்னங்கால் மூட்டு இரண்டும் பலாக்காய் மாதிரி வீங்கி, பேண்டு வாத்தியம் காதுக்குள் அடிக்க நின்றுகொண்டிருந்தது, சாம்சா என்று கூப்பிட்டேன், திரும்பவில்லை. வேண்டாம், அதை நினைக்கக் கூடாது. ஆனால் வளவன் செய்ததும் சாதாரணத் தப்பா? ஜூன் மாதம் சோளம் சுடுகிற அம்மாவின் வண்டியை இடித்துச் சாய்த்துவிட்டான், கரி நெருப்பு மணலில் கொட்டியது, ஒரு குழந்தை பக்கத்தில் இருந்தது, ஒரு சாண், ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தால். போன வாரம் சுதந்திர தின அணிவகுப்புக்கு ஒத்திகை, எட்டுக் குதிரை ஒரே வரிசை, முன்னால் இன்ஸ்பெக்டர் நின்று பார்க்கிறார், நடுவில் இருந்த வளவன் இடப்பக்கம் சரிந்து அடுத்த குதிரையின் விலாவில் போய் மோதினான், வரிசை முழுக்கக் கலைந்தது. அன்றைக்கு லாயத்துக்குத் திரும்பியதும் அடித்தேன். இவனை ஓட்டுகிற ஏழு வருஷத்தில் அடித்ததே இல்லை. இடது தோளில், பிரம்பால், நாலு அடி. அவன் தலையைத் தூக்கவில்லை, காலை உதைக்கவில்லை. தோல் மட்டும் சிலிர்த்துச் சிலிர்த்து அடங்கியது. மறுநாள் வாய்க்குக் கடுமையான கடிவாளம் மாற்றினேன். அதைத்தான் இப்போதும் கடித்துக்கொண்டு வருகிறான், உதட்டோரம் நுரை, நுரையில் லேசாகச் சிவப்பு இருக்கிறதோ, இல்லை, வெயில்தான் அப்படித் தெரிகிறது.

எனக்கு இடப்பக்கம் ஜெயசுதா, பொன்னி மேல். எட்டு வருஷமாகப் படையில் இருக்கிறாள், காவலர், முப்பத்து நாலு வயது, பிள்ளை பெற்ற பிறகும் குதிரையை விடாதவள். இவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் உட்கார்ந்திருப்பது தெரியாது, பொன்னியின் முதுகிலிருந்து முளைத்த மாதிரி இருக்கும். வளவன் ஒதுங்கும்போதெல்லாம் அவளும் பொன்னியை ஒதுக்கிக்கொண்டே வருகிறாள், முணுமுணுப்பு இல்லை, முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. இந்த ஜெயசுதா பிரசவ விடுப்பு முடிந்து வந்த முதல் மாதம் ஞாபகம் வருகிறது. பொன்னி இவளைச் சுமந்துகொண்டு ஓடவே மாட்டேன் என்றது, ஓட்டம் எடுத்தால் நாலு எட்டில் நின்றுவிடும். இவளுக்கு அழுகையே வந்துவிட்டது, என்னை மறந்துட்டா ஏட்டையா என்றாள். நான் சொன்னேன், குதிரையைக் குறை சொல்லாத பாப்பா, உன் வயித்துத் தசை இன்னும் கட்டல, நீ மேல லொடலொடன்னு ஆடுற, அதுக்கு முதுகு வலிக்குது, போய் உடம்பைக் கட்டிக்கிட்டு வா. என்ன மிடுக்கு அந்தப் பேச்சில். ஆனால் பேச்சு உண்மை. இவள் நாலு மாதம் தினம் காலையில் வீட்டுத் தரையில் படுத்துக் காலைத் தூக்கித் தூக்கி, குழந்தை பக்கத்தில் தவழ, உடம்பைத் திரும்ப வாங்கினாள். ஒரு நாள் பொன்னி இவளோடு ஓடியது பாருங்கள், மொத்த லாயமும் வேலையை விட்டுவிட்டு வேலியோரம் வந்து நின்றது. நம் உடம்புக்கு எது வந்தாலும் முதலில் குதிரைக்குத்தான் தெரியும். எனக்கு இடுப்பு பிடித்திருந்த வருஷம் வளவன் முதுகை மரக்கட்டையாக வைத்துக்கொண்டு நடந்தான். காய்ச்சல் வரப்போகிறது என்றால் முந்தின நாளே டிராட் என்கிற துள்ளோட்டம் போக மாட்டான், நடையிலேயே கொண்டுபோய்க் கொண்டுவந்து விடுவான். எவ்வளவு தெரிந்தவன். அப்படிப்பட்டவனுக்கு இந்த வருஷம் என்ன வந்தது.

உழைப்பாளர் சிலைக்கு நேராக வந்து திரும்பினோம். திரும்பும்போது எப்போதும் மேலே ஏறி உள்சாலை வழியாக நடையில் போவதுதான் வழக்கம், இன்றைக்கு அங்கே ஏதோ மாரத்தான், பனியன் போட்ட கூட்டம், ஒலிபெருக்கி. "தண்ணி ஓரமாவே போயிடலாம் ஏட்டையா" என்றாள் ஜெயசுதா. சரி என்றேன். இப்போது கடல் என் இடது கைப் பக்கம். அலை வந்து போன ஈர மணல், பலகை மாதிரி கெட்டியாக, லாடம் பதிந்தால் அச்சு அச்சாக விழுகிற மணல். வளவனுக்குத் தண்ணீர் ஆகாது, அதுவும் அலை என்றால் ஆகவே ஆகாது, நுரை காலில் பட்டால் காலை உதறுவான். அதனால் இப்போது வலப்பக்கம்தான், கரைப் பக்கம்தான் போவான் என்று இடது வாரைத் தயாராகப் பிடித்துக்கொண்டேன். டிராட். ஒன்று இரண்டு ஒன்று இரண்டு. அங்கவடியில் எழுந்து உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து. குளம்படியில் சளப் என்று சத்தம். குனிந்து பார்த்தால் தண்ணீர். கணுக்கால் வரை நுரை. வளவன் கழுத்தை உயர்த்தி, மூக்கை விடைத்து, உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டு, ஆனால் இடப்பக்கம், கடலுக்குள், போய்க்கொண்டிருக்கிறான். நிறுத்தினேன். என்னடா இது. கரை மேல் ஆசையில் இழுக்கிறான் என்றுதானே நினைத்தேன், கடைப் பக்கம் தீனி வாசனைக்கு இழுக்கிறான் என்று. இங்கே என்ன தீனி இருக்கிறது. பயந்துகொண்டே எதற்காகப் போகிறான். திரும்பிப் பார்த்தேன். ஈர மணலில் லாடத் தடம், முதலில் நேராக, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து, அரிவாள் வளைவாக வந்து தண்ணீரில் முடிகிறது.

"ஜெயசுதா, இறங்கு. நீ இவன் மேல ஏறு. நான் பொன்னியை எடுக்கறேன்."

"இப்பவா ஏட்டையா?"

"இப்பதான். அந்தக் கொடிக் கம்பம் வரைக்கும், டிராட்ல. பக்கத்துப் பக்கத்துல போவோம். அவன் வாரைச் சும்மா தொங்க விடு, இழுக்காத."

ஏறினாள். நான் பொன்னி மேல் ஏறினேன், அங்கவடியை நீட்டிக்கூட விடவில்லை, முழங்கால் மடங்கித் தவளை மாதிரி உட்கார்ந்திருந்தேன். பொன்னி ஒரு குறையும் இல்லாத பெண் குதிரை, இன்ஸ்பெக்டரே சொல்வார், கண்ணைக் கட்டிவிட்டாலும் கோட்டு மேல் நடக்கும் என்று. கிளம்பினோம். நான் வளவனைப் பார்க்கவில்லை, பார்க்க நேரமே இல்லை, ஏனென்றால் பத்துத் தப்படியில் பொன்னி இடப்பக்கம் ஒதுங்கியது. வலது வாரை இழுத்தேன். மறுபடி ஒதுங்கியது. தண்ணீர். சளப். பொன்னியும் கடலுக்குள் இறங்கியது. கம்பத்தைத் தாண்டி அந்தப் பக்கம் ஜெயசுதா நின்றிருந்தாள், அவள் பின்னால் மணலில் வளவனின் தடம் நூல் பிடித்த மாதிரி நேர்க்கோடாகக் கிடந்தது. என் பின்னால் அரிவாள். அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உடனே முகத்தைத் திருப்பிக் கடலைப் பார்த்தாள். அன்றைக்கு நான் சொன்னதை அவள் எனக்குத் திருப்பிச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். குதிரையைக் குறை சொல்லாதீங்க ஏட்டையா, உங்க உடம்பைப் பாருங்க என்று ஒரு வார்த்தை. அவள் சொல்லாததுதான் காதில் கேட்டது.

காது. இடது காது. ஏப்ரல் கடைசியில் ஒரு சளி, சாதாரணச் சளி, அது போன பிறகு இந்தக் காதில் ஒரு கொய்ங், கொசு பறக்கிற மாதிரி, முதலில் ஃபேன் சத்தம் என்று நினைத்தேன், ஃபேனை நிறுத்தியும் நிற்கவில்லை. என் மனைவி கோமளா டிவியைக் குறைங்க, குறைங்க என்று சண்டை போடுவாள், நான் உனக்குத்தான் காது கூர் என்பேன். குளிக்கும்போது, தலைக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால், தோள் போய்ச் சுவரில் இடிக்கும், இடது தோள், எப்போதும் இடது தோள்தான், பாத்ரூம் சின்னது என்று நினைத்துக்கொண்டேன், பதினாறு வருஷமாக அதே பாத்ரூம். ஒரு நாள் விழுந்தேன், சோப்புத் தண்ணீர் என்றேன், கோமளா நம்பினாள், நானும் நம்பினேன். லாயத்துப் படிக்கட்டில் கைப்பிடியைப் பிடிக்க ஆரம்பித்தது எப்போது, பைக்கை விட்டுவிட்டு பஸ்ஸில் வர ஆரம்பித்தது எப்போது, பெட்ரோல் விலை என்று சொன்னேன், எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கையில் இருந்தது. எல்லாக் காரணத்தையும் ஒரு பக்கம் தள்ளினால் நான் இடப்பக்கம் சாய்கிறேன், அவ்வளவுதான், மூன்று மாதமாகச் சாய்ந்துகொண்டே இருக்கிறேன், எனக்கு மட்டும் அது நேராகத் தெரிகிறது. ஐம்பத்தொரு வயது. டாக்டரிடம் போனால் என்ன சொல்வார் என்று தெரியும், குதிரை ஏறாதே என்பார். ஏறாவிட்டால் நான் யார். ஸ்டேஷனில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து செல்போன் தொலைந்த புகார் எழுதுகிற ஒரு கிழட்டு ஏட்டு. காக்கிப் பேன்ட் உள் தொடையில் சேணம் உரசித் தேயாத ஒரு ஏட்டு. அந்தப் பயம் காதுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது போல, அதுதான் காதைக் கேட்க விடவில்லை.

கீழே இறங்கினேன். வளவனின் இடப்பக்கம் போய் நின்றேன், பிரம்படி பட்ட தோளுக்குப் பக்கத்தில். நின்று கண்ணை மூடினேன். அலைச் சத்தம் வலது காதில் முழுசாக, இடது காதில் கொய்ங். கால் மணலில் இருக்கிறது, உடம்பு எங்கேயோ போகிறது, போவதே தெரியாமல் போகிறது, "ஏட்டையா!" என்று ஜெயசுதா சேணத்திலிருந்து கத்தினாள், கண்ணைத் திறந்தேன், அவள் குனிந்து என் சட்டைத் தோளைக் கொத்தாகப் பிடித்திருந்தாள், பிடிக்காவிட்டால் விழுந்திருப்பேன். ஒரு நிமிஷம் மணலில் கண்ணை மூடி நிற்க முடியாதவன் மூன்று மாதமாகக் குதிரை மேல் போயிருக்கிறேன். கேன்டர் என்கிற பாய்ச்சலில் போயிருக்கிறேன். காணும் பொங்கல் கூட்டம் மாதிரி நெரிசலில் ஆட்களைக் கயிறு கட்டித் தள்ளியிருக்கிறேன். எப்படி விழாமல் இருந்தேன்? என் மகள் சின்னவளாக இருந்தபோது ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலைப்படியில் அவளைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறினேன், அவள் தூங்கித் தூங்கி ஒரு பக்கம் சாய்வாள், அவள் சாய்கிற பக்கம் நான் ஒரு எட்டு நகர்ந்துகொள்வேன், அவள் விழக்கூடாதே என்று, யோசித்துச் செய்வதில்லை, கால் தானாக நகரும். பக்கத்தில் வந்தவர்கள் என்னய்யா குடிச்சிருக்கியா, நேரா ஏறு என்றார்கள். வளவா. நீ இழுக்கவே இல்லையேடா. நான் எங்கே சாய்ந்தேனோ அங்கே உன் முதுகைக் கொண்டுவந்து வைத்தாய். வண்டி இருந்தாலும் வைத்தாய், பக்கத்துக் குதிரை இருந்தாலும் வைத்தாய், உனக்கு உயிரே போகிற அலைக்குள்ளும் காலை வைத்தாய். வலது வாரை நான் இழுக்கிறேன், வாய் கிழிகிறது, முதுகில் இருக்கிற எடை இடப்பக்கம் சரிகிறது, இரண்டில் எதைக் கேட்பது என்று வந்தபோது வாயை விட்டுவிட்டு என்னைக் கேட்டாய். அதற்குத்தான் நான் நாலு அடி கொடுத்தேன். மனு கொடுத்தேன்.

ஜெயசுதா இறங்கி வந்தாள். என்னைப் பார்க்காமல் வளவனின் பிடரியைக் கோதினாள்.

"நான் யாருக்கும் சொல்ல மாட்டேன் ஏட்டையா. காதுக்கு வைத்தியம் பண்ணிக்கோங்க. அணிவகுப்புக்கு உடம்பு சரியில்லன்னு லீவு போட்டுடுங்க. ரிடையர்மென்ட்டுக்கு இன்னும் எத்தனை வருஷம் இருக்கு."

"திங்கட்கிழமை இவனைக் கழிச்சிடுவாங்களே பாப்பா."

அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. அவள் சொன்னதில் எனக்கு ஆசை வரவில்லை என்று சொன்னால் பொய். ஒரு வாரம், இரண்டு வாரம், மாத்திரை போட்டுச் சரியாகிவிட்டால், யாருக்கும் தெரியாமல், வேறொரு குதிரை மேல், ஆனால் அந்தக் குதிரையும் என் கீழே வந்து நிற்குமே, அதையும் ஒருவன் அடிப்பானே, அந்தச் சோளக்கார அம்மாவின் நெருப்பு ஒரு சாண் இந்தப் பக்கம் விழுமே. செல்லை எடுத்தேன். இன்ஸ்பெக்டர் ராஜமன்னார் இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"என்னய்யா தணிகாசலம், பீச்ல ஏதாவது பிரச்சினையா?"

"இல்லீங்க ஐயா. வளவன் விஷயம். அவன் மேல தப்பு இல்லீங்க. நான் குடுத்த மனு தப்பு."

"டாக்டர் சொன்னாரா?"

"ஐயா, எனக்குத்தான் காதுல கோளாறு. நிதானம் ஒரு பக்கமாப் போகுது. நான் சாயறேன், அவன் என்னைத் தாங்கறான். இப்ப ஜெயசுதாவை ஏத்திப் பார்த்தேன், நூல் மாதிரிப் போறான். பொன்னி மேல நான் ஏறினேன், அதுவும் இழுக்குது."

அந்தப் பக்கம் எங்கோ குக்கர் விசில் கேட்டது. வீட்டில் இருக்கிறார்.

"எவ்ளோ நாளாய்யா?"

"ஏப்ரல்லேர்ந்துங்க."

"ஒத்திகையிலயும் இதேதானா? அந்தச் சோள வண்டியும்?"

"ஆமாங்க ஐயா. நான்தான்."

"யோவ்... விழுந்து கழுத்து ஒடிஞ்சிருந்தா?" என்றார். கோபமா வேறென்னவா என்று தெரியவில்லை. அப்புறம் குரல் மாறியது. "சரி. இனிமே நீ ஏறாத. நடந்து வா. இன்னிக்கே காது டாக்டரைப் பாரு, சீட்டோட திங்கட்கிழமை கமிட்டியில வந்து உன் வாயாலயே சொல்லு, உன் மனுவை நீயே வாபஸ் வாங்கு. குதிரை எங்கயும் போகாது. அணிவகுப்புல ஜெயசுதா எடுக்கட்டும். உன்னை என்ன பண்றதுன்னு அப்புறம் பார்ப்போம்."

உன்னை என்ன பண்றது. அதை நானும்தான் அப்புறம் பார்க்க வேண்டும். செல்லைப் பைக்குள் போட்டேன். நெஞ்சுக்குள் ஏதோ காலியாகி, அந்த இடத்தில் கடற்காற்று அடிக்கிற மாதிரி இருந்தது, வலி இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். வளவனின் கன்னத்து வாரை அவிழ்த்து அந்தக் கடும் கடிவாளத்தைக் கழற்றினேன், நாக்கில் கீறல் இருந்தது, என் கைக்குட்டையைத் தண்ணீர் பாட்டிலில் நனைத்துத் துடைத்துவிட்டேன், துடைக்கிற கையை அவன் நக்கினான். இரும்பு இல்லாமல் வெறும் வாரையே மூக்கைச் சுற்றி மாட்டி ஜெயசுதாவிடம் கொடுத்தேன்.

"பயமா இருக்கா?"

"இவன்கிட்ட எனக்கு என்ன ஏட்டையா பயம்."

"அப்ப கலங்கரை விளக்கம் வரைக்கும் கேன்டர்ல போ. நான் பொன்னியைப் பிடிச்சிக்கிட்டு நடந்து வரேன்."

அவள் ஏறி உட்கார்ந்தாள், முதுகெலும்பு அவன் முதுகெலும்பின் மேல் செங்குத்தாக, இரண்டு பக்கமும் ஒரே எடையாக. வளவன் ஒரு கணம் நின்றான், மேலே இருப்பது எந்தப் பக்கமும் சரியவில்லை என்று புரிந்துகொள்கிற மாதிரி, பிறகு கிளம்பினான். ஏழு வருஷம் அவன் முதுகிலேயே இருந்துவிட்டேன், அவன் ஓடுவதைத் தள்ளி நின்று ஒரு நாளும் பார்த்ததில்லை. இப்படியா ஓடுவான். முன்னங்கால் மணலைத் தொடுவதற்குள் பின்னங்கால் அதை அள்ளித் தள்ளுகிறது, கழுத்து நீண்டு, வால் கொடி மாதிரி நிமிர்ந்து, வெயிலில் தோள் தசை ஒன்றன் பின் ஒன்றாக உருள்கிறது, கடலைப் பார்க்கவில்லை, கடையைப் பார்க்கவில்லை, நேராக, நேராக, நேராகப் போகிறான். நடைப்பயிற்சிக்காரர்கள் நின்றுவிட்டார்கள். "இன்னா சார், ரேஸ் குதிரையா?" என்று ஒருவர் கேட்டார். "போலீஸ் குதிரைங்க" என்றேன். பொன்னியின் கழுத்தில் சாய்ந்துகொண்டு, அவன் சின்னப் புள்ளியாகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றேன்.